டர்பன் சிட்டி ஹால்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். "அந்த அக்காவுக்கு ஊர்க்கதை எல்லாம் தெரியும்" என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சால், சனிக்கிழமைகளில் உறவினர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் இந்தியாவிலிருந்து வரும் விருந்தாளிகளையும் நகர மையத்துக்கு அழைத்துப்போகும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. சிட்டி ஹால் முன்னால் போய் நின்றதும் வரும் சந்தேகங்கள் வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை. வெயிலில் நின்று ஒரே பதிலை நூறு முறை சொன்ன களைப்பில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

டவுன் ஹால் என்கிறார்கள், சிட்டி ஹால் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா, வேறா?

இன்று நாம் சிட்டி ஹால் என்று சொல்லும் கட்டடம் 1910 ஏப்ரலில் திறக்கப்பட்டது. டர்பன் அப்போது சட்டப்படி நகரம் ஆகியிருக்கவில்லை. அந்தத் தகுதி 1935இல்தான் கிடைத்தது. அதுவரை இதே கட்டடத்தின் பெயர் டவுன் ஹால்.

குழப்பம் அதோடு தீர்ந்தால் பரவாயில்லை. இதற்கு முன்னால் இன்னொரு டவுன் ஹால் இருந்தது. 1885இல் கட்டி முடிக்கப்பட்ட அதுவும் இடிக்கப்படாமல் பக்கத்திலேயே நிற்கிறது. ஆகவே பழைய கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் "டர்பன் டவுன் ஹால்" என்று வந்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள். 1910க்கு முன் என்றால் பழையது, பின் என்றால் இது.

பழையது எங்கே இருக்கிறது? நான் பார்த்ததே இல்லையே!

பார்த்திருப்பீர்கள். அதன் வாசலில் வரிசையில் நின்று தபால்தலை வாங்கியிருக்கவும் கூடும். புதிய மண்டபம் திறந்ததும் பழையதைத் தலைமைத் தபால் நிலையம் ஆக்கிவிட்டார்கள். அடையாளம் எளிது: மணிக்கூண்டு இருப்பது பழையது, பெரிய குவிமாடம் இருப்பது புதியது.

அந்தத் தபால் நிலையப் படிகளுக்கும் ஒரு கதை உண்டு. போயர் போரில் பிரிட்டோரியாச் சிறையிலிருந்து தப்பி வந்த இளம் வின்ஸ்டன் சர்ச்சில் 1899 டிசம்பர் 23 அன்று அங்கே நின்று கூட்டத்தோடு பேசினார். தென்னாப்பிரிக்காவை ஒரே நாடாக இணைப்பது பற்றிய தேசிய மாநாடும் 1908 அக்டோபரில் அந்தக் கட்டடத்தில்தான் தொடங்கியது. அதில் உட்கார்ந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். நாட்டின் மற்ற மக்களுடைய தலையெழுத்தை அவர்களைக் கேட்காமலேயே எழுதினார்கள்.

அயர்லாந்தில் இருக்கும் என் மகன் அனுப்பிய படத்தில் இதே கட்டடம் இருக்கிறது. எப்படி?

உங்கள் மகன் பெல்ஃபாஸ்ட்டில் இருக்கிறார், சரிதானே? அங்கே 1906இல் திறக்கப்பட்ட சிட்டி ஹால்தான் இதற்கு முன்மாதிரி. அதை வரைந்தவர் ஆல்ஃபிரட் பிரம்வெல் தாமஸ். அதைப் பார்த்து நமக்கு வரைந்தவர் ஸ்டான்லி ஹட்சன். நடுவில் குவிமாடம், நான்கு மூலைகளில் சிறு கோபுரங்கள், வரிசையாகத் தூண்கள் என்று அக்கா தங்கை சாயல் அப்படியே தெரியும். நம்முடைய குவிமாடம் தரையிலிருந்து 48 மீட்டர் உயரம்.

ஒரு சிறு துறைமுக ஊருக்கு இவ்வளவு பெரிய மண்டபம் எதற்கு என்றால், ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. திறந்து ஏழு வாரத்தில், 1910 மே 31 அன்று, தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது.

கச்சேரி மண்டபம் என்று சொல்லித்தானே அழைத்து வந்தீர்கள்? உள்ளே ஏதோ எலும்புக்கூடு இருக்கிறதே?

ஒரே கூரையின் கீழ் பல வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி அரங்கம், நகராட்சி அலுவலகம், நூலகம், ஓவியக் கூடம், இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் எல்லாம் இந்த ஒரே கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்து வாசல்.

நீங்கள் பார்த்தது டோடோ பறவையின் எலும்புக்கூடு. மொரீசியஸில் வாழ்ந்து 17ஆம் நூற்றாண்டில் அழிந்துபோன பறவை அது. போர்ட் லூயியில் முடி திருத்தும் தொழில் செய்துகொண்டிருந்த எத்தியென் திரியூ என்பவர் ஓய்வு நேரத்தில் மலையிலும் குகையிலும் அலைந்து பொறுக்கிய எலும்புகள் அவை. மொரீசியஸிலிருந்து யார் வந்தாலும் அவர்களை முதலில் இங்கேதான் அழைத்துப்போவேன். "எங்கள் பறவை உங்கள் ஊரில் என்ன செய்கிறது?" என்று ஒருவராவது கேட்காமல் இருந்ததில்லை. அதே அருங்காட்சியகத்தில் ஓர் எகிப்திய மம்மியும் இருக்கிறது. பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு. கச்சேரிக்கு நேரமாகிவிடும்.

எதிரே இருப்பது ஃபேர்வெல் சதுக்கம். காந்தியை வழியனுப்பியதால்தான் அந்தப் பெயரா, அக்கா?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இல்லை என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. ஃபேர்வெல் என்பது ஆள் பெயர். ஃபிரான்சிஸ் ஃபேர்வெல் என்ற ஆங்கிலேயர் 1824இல் வியாபாரத்துக்காக இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். அவர்கள் முகாம் அடித்த இடம் என்பதால் சதுக்கத்துக்கு அந்தப் பெயர்.

ஆனால் நினைத்தது முழுத்தவறும் இல்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

அப்படியானால் காந்தி இந்த மண்டபத்தில் பேசினாரா, பழையதிலா?

இங்கேதான் முதல் பதிலில் சொன்ன வருடக் கணக்கு உதவும். இரண்டு டவுன் ஹால்களும் காந்தியின் கதையில் வருகின்றன, நேரெதிரான காரணங்களுக்காக.

1896 டிசம்பர் 18 அன்று கூர்லாண்ட், நாதேரி என்ற இரண்டு கப்பல்கள் இந்தியர்களோடு டர்பனுக்கு வந்தன. காந்தியும் குடும்பத்தோடு கூர்லாண்டில் இருந்தார். பிளேக் பயம் என்று காரணம் சொல்லி யாரையும் இறங்கவிடாமல் வாரக்கணக்கில் கடலிலேயே நிறுத்தினார்கள். அந்த நாட்களில், 1897 ஜனவரித் தொடக்கத்தில், வெள்ளையர்கள் பெரும் கூட்டம் கூட்டி, வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்ட இடம் பழைய டவுன் ஹால், இன்றைய தபால் நிலையம். ஜனவரி 13 அன்று காந்தி கரையிறங்கியபோது கும்பல் அவரை அடித்தது. போலீஸ் அதிகாரி அலெக்சாண்டரின் மனைவி குடையை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றிராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பதினேழு வருடங்கள் கழித்து, 1914 ஜூலை 8 அன்று, அவருக்கு நடந்த வழியனுப்பு விழா புதிய டவுன் ஹாலில், அதாவது இன்றைய சிட்டி ஹாலில். தலைமை தாங்கியவர் நகர மேயரே. இடையில் 1913 வேலைநிறுத்தம் நடந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மேல் விதித்த மூன்று பவுன் வரிக்கு எதிராகச் சுரங்கத்தையும் கரும்புத் தோட்டத்தையும் விட்டு வெளியே நடந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை சிறைக் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வரி நீக்கப்பட்டது. காந்தி ஜூலை 18 அன்று கேப் டவுனில் கப்பல் ஏறினார். அந்த மேடையில் அவர் நிற்க விலை கொடுத்தவர்களில் பாதிப்பேருக்குமேல் நம் மொழி பேசியவர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்.

மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் குழாய். அது என்ன?

பைப் ஆர்கன். நம் ஹார்மோனியத்தின் பெரியப்பா என்று சொன்னால் வேகமாகப் புரியும், ஆனால் பாதிதான் சரி. இரண்டிலும் கட்டை இருக்கிறது, இரண்டுக்கும் துருத்திக் காற்று வேண்டும். ஹார்மோனியத்தில் காற்று ஒரு சிறு பித்தளை நாக்கை அதிரவைக்கிறது. ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழாய். பெரும்பாலானவை புல்லாங்குழல் பேசுவதுபோல் விளிம்பில் காற்று மோதிப் பேசுபவை, சில நாதஸ்வரம்போல் நாக்கு வைத்தவை. நீளமான குழாய் தாழ்ந்த சுரம், குட்டையானது உயர்ந்த சுரம். முன்னால் தெரியும் குழாய்கள் கொஞ்சம்தான், மறைவில் இருப்பவை அதைவிட மிக அதிகம்.

கால் விரலாலும் குதிகாலாலும் வாசிக்கும் கட்டைகள் தரையில் தனியாக உண்டு. மிகத் தாழ்ந்த சுரம் ஒலிக்கும்போது காதைவிட நாற்காலியின் கைப்பிடிதான் முதலில் சொல்லும். கையை வைத்துப் பாருங்கள்.

வாத்தியக் குழு எத்தனை வருடமாக இருக்கிறது? யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

1920களில் டர்பன் நகராட்சி தன் செலவில் ஒரு மேல்நாட்டு வாத்தியக் குழுவை, அதாவது ஆர்கெஸ்ட்ராவை, வைத்துக்கொண்டது. குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு எரிப்பதும்போல் சங்கீதமும் நகராட்சியின் வேலை என்று நினைத்த காலம் அது. யாருக்காக என்பது வேறு விஷயம், அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது வாசிக்கும் குவாசுலு-நட்டால் ஃபில்ஹார்மானிக் 1983இல் தொடங்கப்பட்டது. அப்போது மாகாணத்தின் பெயர் நட்டால் மட்டும்தான். அவர்களுக்கு வியாழக்கிழமை மாலைக் கச்சேரி என்று ஒரு பழக்கம். எங்கள் வீடுகளில் இந்தியர்களுக்கான வானொலியான ரேடியோ லோட்டஸ் ஒலிக்க ஆரம்பித்ததும் அதே 1983இல்தான். எந்த நிகழ்ச்சி எங்களுக்குப் பெரிதாக இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் ஆட்களை உள்ளே விடமாட்டார்களாமே? தாத்தா சொல்வார். உண்மையா, கோபத்தில் சொன்னதா?

இரண்டுக்கும் நடுவில். "இந்தியர் உள்ளே வரக்கூடாது" என்று 1910 முதல் 1990 வரை ஒரே பலகை மாட்டியிருக்கவில்லை. காந்தி விழாவே அதற்குச் சான்று. ஆனால் விழாவுக்கு வாடகைக்கு எடுப்பது வேறு, டிக்கெட் வாங்கி நினைத்த இடத்தில் உட்காருவது வேறு. தனி இருக்கை, தனி நாள், தனி வாசல் என்று வழக்கமாக இருந்ததுதான் பின்னால் சட்டம் ஆனது. 1953இல் தனி வசதிகள் சட்டம் வந்தது. பூங்கா நாற்காலி, கடற்கரை, கழிப்பறை, நூலகம் எதையும் இனவாரியாகப் பிரிக்கலாம், பிரித்தவை சமமாக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொன்னது. 1965 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு இன்னும் இறுக்கியது: அரசின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்தப் பொது நிகழ்ச்சியிலும் கலந்த பார்வையாளர்கள் இருக்கக்கூடாது. 1970களின் பிற்பகுதியில் அரங்குகளுக்கு இது தளர ஆரம்பித்தது. 1953 சட்டம் நீங்கியது 1990 அக்டோபரில்.

இதில் எனக்கு ஆறாதது டிக்கெட் விஷயம் இல்லை. 1896இல் நட்டால் சட்டசபைத் தேர்தலில் இந்தியருக்கு வாக்கு இல்லாமல் ஆக்கினார்கள். 1924இல் நகராட்சி வாக்காளர் பட்டியலிலும் புதிதாக இந்தியர் பெயர் சேரக்கூடாது என்று ஆனது. வீடும் கடையும் வைத்திருந்தவர்கள் ரேட்ஸ் என்ற நகராட்சி வரியைக் கட்டுவது மட்டும் நிற்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு துளி விளக்குக்குப் போயிருக்கும், ஒரு துளி வயலின் நரம்புக்கும் போயிருக்கும். ஆக தாத்தா கோபத்தில் சொன்னார் என்றால், கோபம் நியாயமான இடத்தில்தான் இருந்தது.

அந்த மண்டபத்தைக் கட்டியதே நம் ஒப்பந்தக் கூலிகள்தான் என்று மாமா அடித்துச் சொல்கிறார். சரியா?

மாமாவிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் அதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டாம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டுரூரோ கப்பல் 342 பேருடன் வந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்குமேல் ஒப்பந்தத்தில் வந்தார்கள். முக்கியமாக அவர்களை இழுத்தது கரும்பு. அடுத்து ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம், தேயிலை, நகராட்சி வேலை.

நெஞ்சைத் தட்டிச் சொல்லக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் சோம்ட்சு சாலையில் மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் இருந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்களும் தெலுங்கர்களும். தெரு பெருக்கியது, குப்பை அள்ளியது, பூங்காக்களில் செடி வெட்டியது எல்லாம் அவர்கள். 1960களில் பாரக்ஸைக் காலிசெய்து அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். என் தாத்தா அந்த வரிசையில் வந்தவர். நகராட்சித் தோட்டங்களில் வேலை செய்த அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்றால் மர நிழல், அலுமினியத் தூக்கு, பீன்ஸ் கறி. புல்லை வெட்டும் கத்தரியைச் சாகும்வரை வீட்டிலும் அதே நேர்த்தியோடு துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். அந்தக் கத்தரி இப்போது என்னிடம் இருக்கிறது. கட்டியது யார் என்று கேட்பவர்களுக்கு, சுற்றிலும் பச்சையாக வைத்திருந்தது யார் என்று நான் காட்டுவது அதைத்தான்.

சரி, அப்போது நம் ஜனங்கள் பாட்டுக் கேட்க எங்கே போனார்கள்?

எங்கே போகவில்லை என்று கேளுங்கள்! கோயில் வளாகம்தான் முதல் மண்டபம். காவடி, பெரிய வெள்ளியன்று மாரியம்மன் கும்பிடு, தீமிதி என்று வருடம் முழுக்க உடுக்கையும் தவிலும் ஓயாது. இரவெல்லாம் நடக்கும் தெருக்கூத்தை இங்கே ஆறடி நடனம் என்பார்கள். ஆங்கிலத்தில் யாரோ வைத்த பெயர், நாங்களும் தமிழாக்கிக்கொண்டோம்.

நகரத்துக்குள் என்றால் கிரே ஸ்ட்ரீட் வட்டாரம். குயின் ஸ்ட்ரீட்டில் காந்தி நூலகமும் பார்சி ருஸ்தம்ஜி மண்டபமும், விக்டோரியா ஸ்ட்ரீட்டில் அவலான் தியேட்டர், கிரே ஸ்ட்ரீட்டில் 1950களில் வந்த ஷா ஜஹான். படம், பாட்டு, நாடகம், அரசியல் கூட்டம் எல்லாம் அதே மேடைகளில்தான். கல்யாணத்துக்கு முந்தின இரவு பந்தலுக்குள் ஹார்மோனியம், வயலின், தபேலாவோடு ஒரு குழு உட்கார்ந்து பாகவதர் பாட்டிலிருந்து தொடங்கும். சிட்டி ஹாலிலிருந்து நடந்தால் இருபது நிமிடத்துக்குள் அடையும் தூரம்தான் இதெல்லாம். ஆனால் அது வேறு ஊர்.

ஆப்பிரிக்கர்கள் அந்த மேடையில் ஏறியதே இல்லையா?

ஏறினார்கள். நினைவில் வைக்கவேண்டியது 1960 மார்ச் மாதக் கடைசி. ஆலன் பேட்டன் எழுதி டாட் மட்ஷிகிசா இசையமைத்த "மக்கும்பானே" என்ற இசை நாடகம் சிட்டி ஹாலில் அரங்கேறியது. பாட்டெல்லாம் ஆப்பிரிக்கப் பாடகர்கள். கதை நடக்கும் இடம் கேட்டோ மேனர். ஒரு காலத்தில் நம் ஆட்கள் வாழைத்தோட்டமும் காய்கறியும் போட்டு, கோயில்கள் கட்டி வாழ்ந்த மலைச்சரிவு. பிறகு ஆப்பிரிக்கர்களின் தகரக் குடிசைகள் நெருக்கி எழுந்தன. 1949 ஜனவரிக் கலவரம் பற்றியெரிந்ததும் அங்கேதான். கடைசியில் இரு தரப்பையுமே அரசு அங்கிருந்து கிளப்பியது.

நாடகம் வந்த நேரத்தைப் பாருங்கள். மார்ச் 21 ஷார்ப்வில்லில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, 69 பேர் பலி. மார்ச் 30 நாடெங்கும் அவசரநிலை. நடுவில் இந்த மேடையில், வீடு பறிபோகும் மக்களின் பாட்டு.

இந்தியாவிலிருந்து பெரிய வித்வான்கள் ஏன் அந்தக் காலத்தில் வரவில்லை? நம்மை மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. கதவைச் சாத்தியது இந்தியாதான், நம் பொருட்டு. நிலம் வாங்கவும் குடியிருக்கவும் இந்தியர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1946இல் இங்கே வந்தபோது, இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தையே நிறுத்தியது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். 1968இல் ஐ.நா. பொதுச்சபை கலை, விளையாட்டுத் தொடர்புகளையும் நிறுத்தச் சொன்னது. தடை நீங்கித் தூதரக உறவு மறுபடி மலர்ந்தது 1993இல்.

இதன் விலையை நாங்களும் கொடுத்தோம். இரண்டு தலைமுறை நேரில் ஒரு நல்ல மிருதங்கத்தைக் கேட்காமல் வளர்ந்தது. இசைத்தட்டில் கேட்ட பாட்டைக் காதாலேயே பிடித்து, வார்த்தை பிசகினாலும் ராகம் பிசகாமல் பாடிய பெரியம்மாக்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். தடை தேவையில்லை என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போதுதான் எல்லாம் திறந்தாயிற்றே, நம் கச்சேரி அந்த மண்டபத்தில் ஏன் எடுபடுவதில்லை?

குறை பாடகரிடம் இல்லை, சுவரிடம் இருக்கிறது. ஆர்கனுக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்கும் ஒலி நின்ற பிறகும் சுமார் இரண்டு விநாடி மண்டபத்தில் தங்கவேண்டும், அப்போதுதான் அறுபது வாத்தியமும் ஒன்றாகக் குழையும். உயர்ந்த கூரையும் கடினமான சுவரும் அதற்காகத்தான். நமக்கு வேண்டியது நேரெதிர். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் ஒவ்வொரு சொல்லும் தெறித்து விழவேண்டும். முந்தைய சொல் இன்னும் காற்றில் இருக்கும்போதே அடுத்தது வந்து மோதினால் தகதிமி எல்லாம் ஒரே உருண்டையாகக் கேட்கும். நம் சங்கீதம் கோயில் மண்டபத்திலும் வீட்டுக் கூடத்திலும் ஓலைப் பந்தலிலும் வளர்ந்தது. ஓலை ஒலியைக் குடித்துவிடும்.

ஒலிபெருக்கியைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பது பெரும்பாலான அமைப்பாளர்களின் தவறு. கூட்டக்கூட உருண்டைதான் பெரிதாகும். குறைத்து வையுங்கள், பார்வையாளர்களை முன்னால் நெருக்கமாக உட்காரவையுங்கள். ஆள் நிறைந்தால் மண்டபமே கொஞ்சம் அடங்கும், துணியும் உடம்பும் நல்ல ஓலை. எதிர்த் தெருவில் உள்ள பிளேஹவுஸ் 1935இல் சினிமாக் கொட்டகையாகத் தொடங்கி 1986இல் நாடக அரங்கானது. பரதநாட்டியத்துக்கு நான் அதையே சொல்வேன்.

டாக்சிக்காரரிடம் ஸ்மித் ஸ்ட்ரீட் என்றால் முழிக்கிறார். எப்படிச் சொல்வது?

2008 வாக்கில் பெயர்கள் மாறின. ஸ்மித் ஸ்ட்ரீட் இப்போது ஆன்டன் லெம்பீடே, வெஸ்ட் ஸ்ட்ரீட் டாக்டர் பிக்ஸ்லி காசெமே, மேலே சொன்ன கிரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுஃப் டாடூ, விக்டோரியா ஸ்ட்ரீட் பெர்த்தா மகீசே. பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் டாக்டர் கூனம் ஸ்ட்ரீட் ஆயிற்று. எடின்பரோவில் மருத்துவம் படித்துவந்து டர்பனில் வைத்தியம் பார்த்து, 1946 போராட்டத்தில் சிறைக்கும் போனவர் அவர். எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது, கூனம் ஒருவரைத் தவிர.

மேல்நாட்டுச் சங்கீதம் நமக்கு ஒட்டுமா, பெரியம்மா? எதற்கு வீண் செலவு?

ஒட்டி இருநூறு வருடம் ஆகிறது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுத்தான் அது நம் கச்சேரி மேடைக்கு வந்தது. முத்துசாமி தீட்சிதரே ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டுசுரம் என்று உங்கள் பேத்தி பாடுகிறாளே, அதுதான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் ஓபோ என்ற குழல் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும், மற்றவர்கள் எல்லோரும் அதில் சேர்ந்துகொள்வார்கள். அது சுருதி சேர்ப்பது. நான் அழைத்துப்போன ஒரு கூட்டம் அதையே முதல் பாட்டு என்று நினைத்து மனமுவந்து கைதட்டியது. நடுவில் வரும் இடைவெளிகளிலும் கைதட்டுவதில்லை. நடத்துநரின் கைகள் முழுவதும் கீழே இறங்கினால் தட்டலாம்.

அறுபது பேரும் காகிதத்தைப் பார்த்தே வாசிக்கிறார்களே, யாருக்குமே மனப்பாடம் ஆகவில்லையா? ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை!

என் மாணவி ஒருத்தியின் ஆயா இடைவேளையில் கேட்டது. நம் வயலின்காரர் பாடகரின் வாயைப் பார்த்து அடுத்த நொடி எங்கே போவார் என்று ஊகித்து வாசிக்கிறார். அங்கே ஊகத்துக்கு இடமில்லை. வில் மேலே போவதா கீழே வருவதா என்பதுகூட முன்பே முடிவாகி, பென்சிலில் குறித்திருக்கும். அதனால்தான் பத்து வில்லும் ஒரே பக்கம் சாய்கின்றன, காற்றில் நெற்பயிர்போல.

காகிதம் வைக்கும் ஒரு தாங்கிக்கு இரண்டு பேர். பக்கம் முடியும் இடம் வந்ததும் உள்பக்கம் இருப்பவர் வில்லை நிறுத்திவிட்டு இடது கையால் தாளைத் திருப்புவார், வெளிப்பக்கத்துக்காரர் விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார். இரண்டாம் பாதி முழுக்க அந்த ஆயா மேடையில் வேறெதையும் பார்க்கவில்லை. தாள் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் கையை இலேசாகத் தட்டினார்.